மட்டக்களப்பில் சட்டத் தொழிலைத் தொடங்கும் ஒருவர் எந்தத் துறையைத் தெரிவுசெய்ய வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: "நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவள். சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன், இனி ஆறு மாதப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். கொழும்பில் நின்று கம்பனிச் சட்டத்தின் பக்கம் போகுமாறு நண்பர்கள் சொல்கிறார்கள். ஊருக்கு வந்து குற்றவியல் வழக்குகளைச் செய்தால்தான் பெயர் எடுக்கலாம் என்கிறார் மாமா. எதைச் சிறப்புத் துறையாகக் கொள்வது? உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கும் தம்பிக்கும் சட்டம் படிக்க ஆசை. அவனுக்கும் ஏதாவது சொல்லுங்கள்."

தம்பியின் கேள்விக்கான பதில் சிறியது. ஆகவே அதை முதலில் முடித்துவிடுகிறேன். இலங்கையில் சட்டத்தரணியாவதற்கான கடைசி வாசல் ஒன்றுதான். அது 1874 முதல் இயங்கிவரும், புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. அதற்குள் செல்லப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. உயர்தரப் பெறுபேற்றுடன் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையை எழுதி, போட்டியில் தேறி, மூன்றாண்டுகள் அங்கேயே படிப்பது ஒரு வழி. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ சட்டமாணிப் பட்டம் பெற்று, நுழைவுப் பரீட்சையின்றி உள்ளே சென்று, கல்லூரியின் பரீட்சைகளை எழுதித் தேறுவது மற்றைய வழி. முதல் வழியில் காலம் குறைவு. இரண்டாவது வழியில் காலம் கூடினாலும் பட்டம் கையில் இருக்கும். பிற்காலத்தில் முதுமாணி படிக்கவோ விரிவுரையாளராகவோ விரும்பினால் அந்தப் பட்டமே உதவும். இசட் புள்ளி போதுமானதாக இருந்தால் பல்கலைக்கழகத்துக்கே போகச் சொல்வேன். போதாவிட்டால் ஓராண்டைக்கூட வீணாக்காமல் நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகட்டும். மொழியையும் பொது அறிவையும் உளச்சார்பையும் சோதிக்கும் பரீட்சை அது. தகைமைகளை வேறெவரிடமும் கேட்டு அறியாமல், அவ்வாண்டு வர்த்தமானியில் வெளியாகும் அறிவித்தலை வரிக்கு வரி வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொழி பற்றி அவனுக்கு ஒன்று கூற வேண்டும். சட்டக் கல்லூரியின் கற்கையையும் பரீட்சைகளையும் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதற்கான ஒழுங்குவிதிகள் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் வர்த்தமானியில் வெளியாகின. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவற்றை நிராகரித்தது. அதனால் தமிழில் எழுதும் வாய்ப்புப் பறிபோகவில்லை. ஆனாலும் ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்து இத்தொழிலில் வெகுதூரம் போக முடியாது என்பதை நான் ஒளிக்க விரும்பவில்லை. உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. புதிய சட்ட அறிக்கைகள் எனப்படும் பழைய தொகுதிகள் முழுவதும் ஆங்கிலமே. தமிழில் வாதாடத் தமிழ் போதும், அந்த வாதத்துக்கு ஆதாரம் தேடத்தான் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது.

இனி உங்களுடைய கேள்விக்கு வருகிறேன். கிழக்கில் தொழில் செய்யப்போகும் ஒருவர் முதலில் தெரிவுசெய்ய வேண்டியது துறையை அல்ல, பயிற்சி தரும் சீனியரையும் நீதிமன்றத்தையும்தான் என்பது என் கருத்து. மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை ஆகிய இடங்களில் ஒரே சட்டத்தரணி காலையில் நீதவான் நீதிமன்றத்தில் பிணை கேட்டுவிட்டு, பத்து மணிக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்கொன்றில் சாட்சியை நெறிப்படுத்தி, மாலையில் வீட்டு அலுவலகத்தில் உறுதி எனப்படும் காணிப் பத்திரம் முடிப்பதைப் பார்க்கலாம். "நான் இந்தத் துறை மட்டும்தான்" என்று முதல் நாளிலேயே பலகை போடுமளவுக்கு இங்கே வழக்குகள் துறைவாரியாகப் பிரிந்து வருவதில்லை. ஆயினும், எல்லாவற்றையும் செய்பவருக்கும் ஒரு துறை அடித்தளமாக இருக்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்த அடித்தளம் காணிச் சட்டம்தான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

அதற்கான காரணத்தை விளக்க ஓர் உறுதியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கல்முனைப் பக்கத்து வயற்காணி ஒன்றுக்கு 1950-களில் முடிக்கப்பட்ட உறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டவணையில் காணி மட்டக்களப்பு மாவட்டத்தில், கரவாகுப் பற்றில் இருப்பதாக எழுதப்பட்டிருக்கும். அம்பாறை மாவட்டம் 1961-இல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது என்பது தெரியாத ஒருவர், இது வேறு மாவட்டத்துக் காணி என்று எண்ணிக் குழம்புவார். பரப்பு ஏக்கரில் இல்லாமல், விதைக்கும் நெல்லின் அளவைக் கொண்டு இத்தனை அவணம் விதைப்பு என்று இருக்கக்கூடும். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே வண்டிப் பாதை, மேற்கே வாவி என்று எல்லைகள் வரும். அந்த இன்னார் இறந்து மூன்று தலைமுறை கடந்திருக்கும், வாய்க்கால் திசைமாறியிருக்கும், வண்டிப் பாதை இன்று கொங்கிறீட் வீதியாகியிருக்கும், வாவியோ ஆண்டுதோறும் கூடியும் குறைந்தும் நிற்பது. இந்த உறுதியை இன்றைய நில அளவைப் படத்தோடு பொருத்தி, இடையிலுள்ள நன்கொடை, ஈடு, விற்பனை ஆகியவற்றைக் காணிப் பதிவகத்துப் பதிவுகளில் ஒவ்வொன்றாகத் தேடி, யாருக்கு எத்தனையில் எத்தனை பங்கு என்று கணக்குப் பார்த்து எழுதத் தெரிந்த இளம் சட்டத்தரணியை எந்தச் சீனியரும் விடமாட்டார்.

காணிகளில் உறுதிக் காணி ஒரு வகை மட்டுமே. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புக் காணிகளும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும், கல்லோயாத் திட்டப் பகுதிகளிலும், அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கங்களிலும் ஏராளம். அனுமதிப்பத்திரக் காணியை எழுதி விற்க முடியாது, அளிப்புக் காணியைக் கைமாற்றவும் பிரதேச செயலாளரின் இசைவு வேண்டும். இது தெரியாமலோ தெரிந்தும் தெரியாததுபோலவோ வெறும் முத்திரைத் தாளில் எழுதி வாங்கி, அதில் வீடும் கட்டிவிட்டு, பத்து வருடங்கள் கழித்து வந்து நிற்கும் கட்சிக்காரரை நீங்கள் முதல் மாதத்திலேயே சந்திப்பீர்கள். உரியவருக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத காணிகளில் வாரிசுப் பிணக்கும் உண்டு. பின்னுரித்து வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்திருந்த ஏற்பாடு 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் இறந்தவர்களின் காணிகள் குறித்த பிணக்குகள் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஓயப்போவதில்லை.

வயலுக்கு மற்றோர் அடுக்கும் இருக்கிறது. வயலுடைய போடியாருக்கும் அதைச் செய்து கொடுக்கும் முல்லைக்காரருக்கும் இடையில் வாய்ப்பேச்சில் நடந்துவந்த ஏற்பாடுகள், வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டை விதானையின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட நீர்ப்பங்கு, எவரும் எழுதிவைக்காத குத்தகை ஆகிய எல்லாமே 2000-ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் முன் வந்து நிற்கும்போது வேறு உருவம் எடுக்கின்றன. கமநல சேவை நிலையத்திலுள்ள காணிப் பதிவேட்டில் யாருடைய பெயர் பயிரிடுபவராகப் பதியப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் வயல் வழக்கை எடுக்கக் கூடாது. இந்தப் பாடத்தைக் கொழும்பில் எந்த அலுவலகமும் உங்களுக்குச் சொல்லித்தராது.

இவற்றின் மேல் போரும் சுனாமியும் வந்து விழுந்தன. பத்தாண்டுகள் இடையூறின்றி எதிரிடையாக ஆண்டுவந்தவருக்குத் தனியார் காணியில் உரித்து ஏற்படலாம் என்பது 1871-ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. 1990-இல் ஊரைவிட்டு ஓடி, இருபது வருடங்கள் கழித்துத் திரும்பியவர் தன் காணியில் இன்னொருவர் குடியிருப்பதைக் கண்டபோது, இந்த விதி அவருக்கு எதிராகத் திரும்பியது. அதற்காகவே 2016-இல் காலாவதி பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போர்ச் சூழலால் தம் உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலம் கணக்கிடப்படலாகாது என்பதே அதன் சாரம். சட்டம் இரண்டு பக்கத்திலும் நிற்கும் மனிதர்களைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். திரும்பி வந்தவரும் ஏழை, அங்கே குடியிருப்பவரும் வேறோர் இடத்திலிருந்து இடம்பெயர்ந்தவர் என்ற நிலைமை இங்கே அபூர்வமானதன்று. 2004 டிசம்பர் அலையில் கரையோர ஊர்களில் உறுதிகளே அடித்துச் செல்லப்பட்ட குடும்பங்களும் பல. அவர்களுக்கு ஒரே துணை, உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பிய இரட்டைப் பிரதி.

காணியிலிருந்து குடும்பச் சட்டத்துக்கு இங்கே ஒரு எட்டுத்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது, பொதுச் சட்டமே பொருந்தும். இப்பகுதிக்கு முன்பு உரியதாயிருந்த முக்குவர் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அதன் வழக்கம் ஒழியவில்லை. வீடு பெண்ணுக்கு என்பது இன்றும் வாவிக்குக் கிழக்கே கடலோரமாகவுள்ள எழுவான்கரை முழுவதும், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், மீற முடியாத எதிர்பார்ப்பாக இருக்கிறது. மகளின் திருமணத்தின்போது பெற்றோர் தமது சீவிய உரித்தை, அதாவது வாழும்வரை அங்கே இருக்கும் உரிமையை, ஒதுக்கிவைத்து வீட்டை நன்கொடையாக எழுதுகிறார்கள். அந்த உரித்தை எழுத மறந்த உறுதியால் வயதான தாய் தன் வீட்டிலேயே ஒட்டுக்குடியாகிப்போன கதையை எந்த நீதிமன்ற வளவிலும் கேட்கலாம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாணத்தவரை மணக்கும் மட்டக்களப்புப் பெண், அத்திருமணம் நீடிக்கும்வரை தானும் அச்சட்டத்துக்கு உட்பட்டவராகிறார். அதனால் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும். உறுதி முடிக்க வருபவரிடம் "உங்கள் கணவர் எந்த ஊர்?" என்று கேட்பது ஊர்வம்பு அல்ல.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என முஸ்லிம் மக்கள் நிறைந்த ஊர்களுக்கு நடுவே தொழில் செய்யப்போகும் ஒருவர், அவர் எச்சமயத்தவராயினும், 1931-ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தையும் படிக்காமல் இருக்க முடியாது. முஸ்லிம்களின் விவாகப் பிணக்குகளை விசாரிக்கும் காழி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. ஆனால் அங்கு பெற்ற, பராமரிப்புப் பணத்துக்கான தாபரிப்புக் கட்டளையை நிறைவேற்றுவிக்க நீதவான் நீதிமன்றத்துக்கு வருவார்கள், அப்போது சட்டத்தரணி தேவைப்படுவார். ஏனையோருக்கு 1999-ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டமும், எல்லோருக்கும் 2005-ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. பெண் சட்டத்தரணி ஒருவரிடம்தான் வாய் திறப்பேன் என்று வரும் பெண்கள் பலர். அதற்காக, "பெண்தானே, குடும்ப வழக்குகளைக் கொடுப்போம்" என்று உங்களை ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிட முயல்வோரும் இருப்பார்கள். அந்த வேலையைச் செய்யுங்கள். ஆனால் அது மட்டுமே உங்கள் மேசைக்கு வருவதாகத் தெரிந்தால், சீனியரிடம் காணி வழக்கொன்றைக் கேட்டு வாங்குங்கள்.

மாமா சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. குற்றவியல் வழக்கில்தான் இளம் சட்டத்தரணிக்கு வாய் திறக்கும் சந்தர்ப்பம் விரைவில் கிடைக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் வழக்குகள் அழைக்கப்படும் காலை வேளையில், சீனியர் வேறொரு மன்றத்தில் நிற்க, "கனம் நீதவான் அவர்களே, சந்தேகநபர் சார்பில் தோன்றுகிறேன்" என்று எழுந்து நின்று, இரண்டே நிமிடத்தில் பிணைக்கான காரணங்களை வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டு அமர வேண்டியிருக்கும். சொல்ல வேண்டியதைச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் அங்கேதான் வரும். மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லாத, குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிகளுக்கு நீதிமன்றமே ஒருவரை ஒதுக்கிக் கொடுக்கும். அந்த வழக்குகளில் பணம் சொற்பம், பயிற்சி பெரிது. குறுக்கு விசாரணையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் தெரியாது.

இருந்தாலும் குற்றவியலை மட்டும் நம்பித் தொடங்குவதை நான் ஆதரிப்பதில்லை. இன்று நீதவான் நீதிமன்ற நிரலில் போதைப்பொருள் வழக்குகள் நிரம்பி வழிகின்றன, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஐஸ் எனப்படும் போதைப்பொருளும் அபாயகரமான போதைப்பொருட்களுக்கான கடுமையான சட்டத்துக்குள் வந்துவிட்டது. பிணை கிடைப்பது அரிதான வழக்கில் கட்சிக்காரரின் குடும்பம் ஒவ்வொரு தவணைக்கும் கடன்பட்டுக் கட்டணம் கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதான வேலையல்ல. அதோடு, பொலிஸ் நிலைய வாசலில் நின்று வழக்குப் பிடித்துத் தரும் தரகர்களின் தொடர்பு இல்லாமல் இத்துறையில் நிற்க முடியாது என்று சிலர் உங்களுக்குப் புத்தி சொல்லக்கூடும். அது பொய். நிற்கலாம், சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைத் தாங்குவதற்காகவும்தான் காணியையும் நொத்தாரிசு வேலையையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பொதுச் சட்டத்துறை, அதாவது அரச அதிகாரிகளின் தீர்மானங்களை எதிர்க்கும் எழுத்தாணை மனுக்களும் அடிப்படை உரிமை மனுக்களும், கிழக்கில் மிக அவசியமானது. ஆனால் அதை இங்கிருந்தபடி முழுமையாகச் செய்ய முடியாத நிலை இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. கட்சிக்காரருக்கு நீங்கள் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இது. அரச காணியிலிருந்து வெளியேறுமாறு 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் கிடைத்தவர் நீதவான் முன் காட்டக்கூடியது செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரத்தையோ எழுத்துமூல அதிகாரத்தையோ மட்டும்தான். வேறு வாதம் எதுவும் அங்கே எடுபடாது. அறிவித்தலையே எதிர்ப்பதானால் எழுத்தாணை கோர வேண்டும். மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை அதிகாரம் உண்டு என்றாலும், அரச காணி தொடர்பான இத்தகைய அறிவித்தல்களில் அதற்கு நியாயாதிக்கம் இல்லை என்று சோலைமுத்து ராசு வழக்கில் 2013 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே பொத்துவிலில் குடிசை போட்டிருப்பவரும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொழும்புக்கே போக வேண்டும். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை அரச மேய்ச்சல் தரை போன்ற பிணக்குகளைக் கவனித்து வந்திருந்தால், காணிச் சட்டமும் பொதுச் சட்டமும் எவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். கொழும்பில் மனு வரையத் தெரிந்த சட்டத்தரணிகள் போதிய அளவில் இருக்கிறார்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் கோவையைத் தேடி எடுத்து, தமிழ் ஆவணங்களை ஒழுங்குபடுத்தி, அம்மனுவுக்கு வேண்டிய சத்தியக்கூற்றைப் பிழையின்றித் தயாரித்து அனுப்பத் தெரிந்தவர்கள்தான் குறைவு. இத்துறையில் நாட்டமிருந்தால் உங்கள் இடம் அங்கே இருக்கிறது.

நண்பர்கள் சொல்லும் கம்பனிச் சட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2007-ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம், புலமைச் சொத்து, வரி, வங்கிக் கடன், தரவுப் பாதுகாப்பு ஆகியன எல்லாம் வளரும் துறைகள். அங்கே மாதச் சம்பளம் கிடைக்கும், ஜூனியருக்குப் போக்குவரத்துச் செலவாவது கிடைக்குமா என்று பார்த்திருக்க வேண்டியதில்லை. வணிக மேல் நீதிமன்றம் கொழும்பில் இருப்பதால் அத்துறையினர் கொழும்பில்தான் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒப்பந்தம் வரைவது உங்களுக்கு விருப்பமான வேலையாக இருந்து, கொழும்பு வாடகையை இரண்டு மூன்று வருடங்களுக்குத் தாங்கும் வசதியும் இருந்தால், தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே ஐந்து வருடங்கள் இருந்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பி வழக்கறிஞராக நிற்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். அந்த ஐந்து வருடங்களில் நீங்கள் ஒரு சாட்சியைக்கூட விசாரித்திருக்க மாட்டீர்கள். திரும்பி வரும்போது உங்களுக்கு இளையவர்கள் உங்களைவிட முன்னே நிற்பார்கள்.

அரச சேவையை இக்கேள்வியில் நீங்கள் குறிப்பிடவில்லை. சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டவாதியாவது, நீதிச் சேவை ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி நீதவானாவது, சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களில் பணியாற்றுவது ஆகிய மூன்றையும் மனதில் வைத்திருங்கள். முதல் இரண்டுக்கும் வயது, அனுபவம் பற்றிய நிபந்தனைகள் உண்டு. அவற்றுக்கான வர்த்தமானி அறிவித்தலைத் தவறவிட்டால் அடுத்த சந்தர்ப்பம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நீதிபதியாகும் எண்ணம் இருந்தால் சிங்களத்தையும் இப்போதே கற்கத் தொடங்குங்கள். எண்ணம் இல்லாவிட்டாலும் கற்பது நல்லது. அரசியலமைப்பின்படி கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். ஆனால் அம்பாறை நகரத்து நீதிமன்றங்களில் நடைமுறையில் சிங்களமே ஓங்கியிருக்கும். அங்கே வழக்குள்ள இறக்காமத்து விவசாயி ஒருவர் இரு மொழியும் தெரிந்த சட்டத்தரணியைத் தேடி அலைகிறார்.

இனி, பயிற்சிக்கான சீனியரை எப்படித் தெரிவுசெய்வது என்பது பற்றி. முதலில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் அமர்ந்து சில நாட்கள் பாருங்கள். யாருக்குக் கூட்டம் அதிகம் என்று பார்க்க வேண்டாம். யார் வழக்கேட்டை வாசித்துவிட்டு வருகிறார், யார் அழைப்பு வந்த பிறகு கோவையைத் திறக்கிறார் என்று கவனியுங்கள். எல்லாத் தவணையிலும் ஒத்திவைப்பே கேட்கும் ஒருவரிடம் ஆறு மாதங்கள் இருந்தால் ஒத்திவைப்புக் கேட்கத்தான் பழகுவீர்கள். வழக்குரையையும் மறுமொழியையும் தானே வரைபவரா, பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றுபவரா என்பதை அவருடைய எழுதுவினைஞரோடு பேசினாலே அறியலாம். கூட்டுக் காணியைப் பங்காளரிடையே பிரிக்கும் பிரிவிடல் வழக்குகளை இறுதிவரை கொண்டுபோன ஒருவர் கிடைத்தால், அவரை விடாதீர்கள். 1977-ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வரும் தீர்ப்பு வழக்கில் இல்லாதவரையும் கட்டுப்படுத்தும் தன்மையுடையதாதலால், தலைமுறை வரைபைத் தயாரிப்பதில் ஒரு பேரன் விடுபட்டாலும் அவனுடைய பங்கு போய்விடும். அந்தப் பொறுப்பை உணர்ந்தவரிடம் ஆறு மாதத்தில் கற்பதை வேறிடத்தில் ஆறு வருடத்திலும் கற்க முடியாது. ஜூனியருக்கு அவர் என்ன கொடுப்பார் என்பதை வெட்கப்படாமல் தொடக்கத்திலேயே கேளுங்கள். "பார்ப்போம் மகள்" என்று சொன்னால், ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொண்டு வீட்டாரோடு பேசித் தீர்மானியுங்கள்.

ஆறு மாதம் முடிந்து உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகு, காலம் தாழ்த்தாமல் நொத்தாரிசு ஆணைப்பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். வழக்குக் கட்டணம் வராத மாதங்களிலும் உறுதி வேலை வரும். 1840-ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கும்வரை, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் அற்றோர்ணித் தத்துவத்தை, அதாவது தமக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை, கொண்டு விற்பனை நடப்பதும் இங்கே கூடுதலாக இருப்பதால், அதன் பதிவையும், கொடுத்தவர் இப்போதும் உயிருடன் இருக்கிறாரா என்பதையும் விசாரிக்காமல் பேனாவைத் திறக்கக் கூடாது. உறுதியைப் பதிவுசெய்வதையும் கட்சிக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். 1927-ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பிந்தி எழுதிய உறுதி முந்திப் பதிவாகிவிட்டால், முந்தி எழுதிய உறுதி தோற்றுவிடக்கூடும். ஒவ்வொரு மாதமும் முடித்த உறுதிகளின் இரட்டைப் பிரதிகளை அடுத்த மாதம் 15-ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், தவறினால் வழக்கு உங்கள்மீதே வரும். ஆணைப்பத்திரம் குறிப்பிட்ட நியாயாதிக்கப் பகுதிக்கும் மொழிக்கும் உரியதாகவே வழங்கப்படுவதால், மட்டக்களப்பா கல்முனையா என்பதை விண்ணப்பத்துக்கு முன் தீர்மானித்திருக்க வேண்டும். உங்கள் வீடு களுவாஞ்சிக்குடியில், கல்முனை கூப்பிடு தூரம் என்றாலும் அது வேறு மாவட்டம். உங்கள் சீனியரின் கட்சிக்காரர்கள் எந்தப் பக்கத்திலிருந்து அதிகமாக வருகிறார்கள் என்பதை இந்த ஆறு மாதத்தில் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள், அதைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பலாம்.